மாக்கிறேற் அக்காவின் கூடத்தில் நின்ற குதிரை

மாக்கிறேற் அக்காவின் கூடத்துக்குள் குதிரை வந்ததற்குக் காரணம் குதிரை அல்ல, கதவு. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெடுந்தீவில் எல்லாரும் குதிரையைத்தான் திட்டினார்கள்.

அது ஒல்லாந்தர் காலத்து முருகைக்கல் கட்டடம். அக்காவின் புருஷன் அமலதாஸ் அண்ணையின் பூட்டன் காலத்திலிருந்து அவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பார்க்கிற கந்தோரிலிருந்து ஒருமுறை ஆட்கள் வந்து, இதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதிய பலகையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு வாசற்கதவு கறையான் அரித்து விழுந்தது. புதுக் கதவு போட அண்ணை அனுமதி கேட்டார். அனுமதியும் வரவில்லை, அந்த வருடம் மழையும் வரவில்லை. புல்லெல்லாம் கருகிப்போக, நிழல் தேடி அலைந்த கட்டாக்காலிக் குதிரை ஒன்று திறந்த வாசலைக் கண்டு உள்ளே வந்து நின்றுகொண்டது.

வேறு மாதமென்றால் சமாளித்திருக்கலாம். அது ஒக்ரோபர், செபமாலை மாதம். அந்த மாதம் எங்கள் கோயில் பங்கில் மாதா சுரூபம் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குப் போகும். அடுத்த நாள் அங்கிருந்து ஊர்வலமாக அடுத்த வீட்டுக்கு. அக்கா வீட்டுக்கு மாதா வந்ததே இல்லை. ஒரு வருடம் புயல், ஒரு வருடம் கொரோனா, போன வருடம் கூரை விழுந்துவிடுமென்று பங்குச்சபைக்குப் பயம். இந்த முறை சனிக்கிழமை அக்கா வீடு என்று கோயிலில் வாசித்துவிட்டார்கள். அக்கா மேசைக்குப் புதுச் சீலை தைத்து, அதை யாரும் தொடாதபடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

அண்ணை வைக்கோலைக் காட்டிக் குதிரையை வெளியே கூப்பிட்டார். அது வந்து வைக்கோலைத் தின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போனது. சட்டியைத் தட்டினார். பக்கத்து வீட்டு ஜெகதீஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"துரத்தாதேயுங்கோ அண்ணை. குதிரைக்குச் சட்டம் இருக்கு."

சட்டம் உண்மைதான். மிருகங்களைப் பார்க்கிற கந்தோருக்கு அண்ணை போன் எடுத்தார். தொடவும் கூடாது, வெருட்டவும் கூடாது, அதுவாகப் போகும்வரை பொறுத்திருங்கள் என்றார்கள்.

"சுவருக்கு ஒரு கந்தோர், குதிரைக்கு ஒரு கந்தோர். இடையில நிக்கிற மனிசருக்கு ஒண்டும் இல்லையோ?" என்று வேடிக்கை பார்க்க வந்து நின்ற அயலவர் எங்களிடம் அண்ணை கேட்டார்.

ஜெகதீஸ் பங்குச்சபைச் செயலாளர். தரைக்குப் பளிங்கு பதித்துப் புது வீடு கட்டியிருந்தவர். அவர் போய்ப் பாதரிடம் சொல்ல, பாதர் வந்து எட்டிப் பார்த்தார்.

"குதிரை நிக்கிற இடத்தில மாதாவை எப்பிடியக்கா வைக்கிறது? அடுத்த வருசம் பாப்பம். சனிக்கிழமை ஜெகதீஸ் வீட்டுக்குக் கொண்டுபோறம்."

அக்கா குசினிக்குள் போய் மீன் வெட்டிக்கொண்டே அழுதார். எனக்குப் பாதர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமைப் படகில் பழைய கட்டடக் கந்தோரிலிருந்து மிதுஷன் என்ற பொடியன் வந்தான். கதவு விஷயமாகத்தான். ஆனால் அவன் கதவைப் பார்க்கவில்லை. அண்ணை வலை மாட்டுகிற இரும்பு வளையங்களைத் தடவினான். அக்கா தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வாய்க்காலை அளந்தான். குதிரையைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணை, இது வீடே இல்லை. ஒல்லாந்தரின்ர குதிரை லாயம்!"

"நாங்கள் நாலு தலைமுறையா இருக்கிறம் தம்பி."

"அதுதான் பிழை. குதிரைதான் சரியான இடத்தில நிக்குது. அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்துக்குள்ள விழுறீங்கள்."

அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா மட்டும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"தம்பி, உண்மையா லாயமோ?"

"சத்தியமா அக்கா."

"அப்ப என்னோட வாரும். உந்தக் கதையைப் பாதரிட்டச் சொல்லும்."

பொடியனை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன். பாதர் வீட்டில் ஜெகதீஸ் கதிரையில் இருந்துகொண்டு, சனிக்கிழமைக்கு எத்தனை மின்குமிழ் வேண்டுமென்று பாதரோடு கதைத்துக்கொண்டிருந்தார். மிதுஷன் வளையம், வாய்க்கால் எல்லாம் விளக்கினான். பாதர் தலையாட்டினார்.

"நானும் அதைத்தானே சொன்னனான். லாயத்துக்குள்ள மாதாவைக் கொண்டுவர ஏலாது."

"அவ பிள்ளை பெத்தது எங்க பாதர்? பங்களாவிலயோ?" என்று அக்கா கேட்டார்.

ஜெகதீஸ் முந்திக்கொண்டு, "அது மாட்டுத் தொழுவம். இது குதிரை" என்றார்.

பாதர் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நத்தாருக்கு நத்தார் மாதாவின்ர பிள்ளை தொழுவத்தில பிறந்ததைத்தானே நான் பிரசங்கம் வைக்கிறனான்! நாளைக்கு வாறம் அக்கா."

சனிக்கிழமை ஊர் முழுக்க அக்கா வீட்டில்தான். புதுச் சீலை விரித்த மேசையில் மாதா, கழுத்து நிறையப் பூமாலை, பின்னால் குதிரை. மன்றாட்டுச் சொல்லும்போது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற இடத்தில் அது இரண்டுமுறை கனைத்தது. எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா திரும்பியே பார்க்கவில்லை. மாதாவையே பார்த்துக்கொண்டு முழந்தாளில் நின்று அழுதார். அதைப் பார்த்து நானும் அழுதேன்.

விடிந்தபோது மாதாவின் பூமாலையில் நூல்தான் மிச்சம். தீவில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதானே. "தின்னட்டும், மாதா குடுத்தது" என்றார் அக்கா.

ஞாயிறு பின்னேரம் மாதாவுக்குப் புது மாலை போட்டு ஊர்வலமாக ஜெகதீஸ் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாலையைப் பார்த்தபடி குதிரையும் வந்தது. மாதாவின் புதுமை, புதுமை என்று சனம் சிலுவை போட்டுக்கொண்டது. ஜெகதீஸ் வீட்டில் மாதா உள்ளே போனார், குதிரையும் போனது. பளிங்குத் தரை அதற்கு இன்னும் குளிர்ச்சி. திங்கட்கிழமை மாதா அடுத்த வீட்டுக்கு வெளிக்கிட்டார். மாலையைத் தின்று முடித்திருந்த குதிரை வெளிக்கிடவில்லை.

ஜெகதீஸ் மிருகக் கந்தோருக்குப் போன் எடுத்தார். அதுவாகப் போகும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் கதவில்லாத வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்கட குதிரையை ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"எங்கட இல்லையே தம்பி," என்றார் அக்கா. "நீர் மிதுஷனுக்குப் போன் எடும். உம்மட வீடும் லாயமோ எண்டு வந்து பாக்கட்டும்."