தென்னேரிச் சாலையில் இரண்டு மாருதிகள்

என் அண்ணன் ராஜவேலுவின் மாருதிக்குப் புதன்கிழமைதான் சைலன்சரை மாற்றியிருந்தோம். யோசனை என்னுடையது. சனிக்கிழமை மாலை அது தப்போ என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

மறுநாள் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சாதாரண வண்டிகளுக்கான ஓட்டம். எங்கள் தெருவிலிருந்து யாரும் அங்கே ஓட்டியதில்லை. வண்டிக்கு ஒரு மெக்கானிக்கை உள்ளே விடுவார்கள். அண்ணன் என் பெயரைக் கொடுத்திருந்தான். மாலை நேர டிப்ளமோவில் ஆட்டோமொபைல் படிக்கும் ஒரே பெண் நான். பகலில் பட்டுக்கடையில் பில் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினால், நான் ஸ்பேனரை எடுப்பதற்குள் யாராவது ஒரு பையன் “குடு, நான் பாத்துக்கறேன்” என்று வாங்கிக்கொள்வான். அதனால் அந்த அனுமதி எனக்கு வேண்டியிருந்தது, கொஞ்சம் வெட்கப்படும் அளவுக்கு.

பின்னால் தொங்கும் பெரிய டப்பாவை எடுத்துவிட்டு, நேராக ஓர் அகலக் குழாய் வைத்தோம். வெல்டிங் கடை வீரபாகுதான் ஒட்டிக்கொடுத்தார். புகைக்குத் தடை இல்லாவிட்டால் இஞ்சின் சுலபமாக மூச்சு விடும் என்று படித்திருந்தேன். எவ்வளவு அகலம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கடையில் கிடந்தவற்றில் பெரியதை எடுத்தோம். ஸ்டார்ட் செய்ததும் தெரு அதிர்ந்தது. அப்பா தறியை விட்டு இறங்கி வந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். தறியைச் சொல்வதுபோல “நல்ல அடி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும், அண்ணனின் சிநேகிதர் வேணுகோபாலையும் கூட்டிக்கொண்டு, பந்தயம் விட்டுப் பார்க்கத் தென்னேரி ஏரிக்கரைச் சாலைக்குப் போனோம். அவரிடமும் மாருதிதான், அதே வருஷத்து வண்டி. எதையும் மாற்றாதது.

கிளம்பிய சத்தத்தில் ஏரிக்கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்தன. ஆனால் வேணுவின் வண்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“அவன் முன்னாடியே எடுத்துட்டான்” என்றான் அண்ணன்.

“நான் எடுக்கலபா. நீ உறுமிக்கினு நின்ன” என்றார் வேணு.

“கீர்த்தி உக்காந்துக்கினு இருக்குது. கனம்.”

நான் இறங்கிக்கொண்டேன். மறுபடி ஓட்டினார்கள். சாலையோரம் தனியாக நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் மேலே மேலே ஏறியது, வண்டி அந்த அளவுக்கு நகரவில்லை. வீட்டுத் தறியில் ஊடையை அடிக்கும் பலகை ஓங்கி விழுந்தால் நெசவு கெட்டி, சத்தம் தளர்ந்தால் துணி தொய்வு. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த காதை வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் அப்பாவும் இஞ்சினை எடை போட்டிருக்கிறோம். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகை சோம்பிப்போகும், கிளம்பும்போது இழுவை குறையும். இதுவும் அதே பாடத்தில்தான் இருந்தது. அடுத்த பக்கத்தில்.

சொன்னால் அண்ணன் என்னை விட்டுவிட்டு வீரபாகுவைக் கூட்டிப் போவான். சொல்லாவிட்டால் நாளைக்கு நூறு பேருக்கு முன்னால் கடைசியில் வருவான். அதுவும் நான் நினைப்பது சரியாக இருந்தால். ஒரு முறை தப்பாக நினைத்தவள்தானே நான்.

“வண்டிய மாத்தி ஓட்டுங்க” என்றேன். “நீ வேணு அண்ணன் வண்டிய எடு.”

“எதுக்கு?”

“எடேன்.”

தூரத்துப் பஸ் நிறுத்தத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது வேணுவின் வண்டி, உள்ளே என் அண்ணன். தன் வண்டியையே தோற்கடித்துவிட்டு அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நான் நடந்து போய்ச் சேர்ந்ததும் கேட்டான்.

“இத புதன்கிழமையே சொல்றதுக்கு இன்னா?”

“புதன்கிழமை தெரியாதுண்ணா.”

“இப்ப மட்டும் தெரியுமா?”

“முழுசா தெரியாது. பழசு இதவிட தேவல. அவ்ளோதான்.”

“தெருவே கேட்டுச்சு கீர்த்தி. நாளைக்கு பூனை மாதிரி போனா சிரிப்பாங்க.”

“சத்தம் வேணுமா, முன்னாடி போவணுமா?”

“ரெண்டும்.”

“ரெண்டும் எனக்குச் செய்யத் தெரியல.”

திரும்பும்போது அவன் நேராக வீரபாகுவின் கடையில் நிறுத்தினான். வீரபாகு விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, கழட்டறது ஒரு செமஸ்டர், மாட்டறது ஒரு செமஸ்டரா? வண்டி சிங்கம் மாதிரி இருக்குது. உடு ராஜவேலு, நாளைக்கு நானே வரேன். கார்பரேட்டர்ல கொஞ்சம் கை வெச்சா பறக்கும்.”

அண்ணன் குழாயைக் குனிந்து பார்த்தான். நான் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பேசினால் அந்த அனுமதிக்காகப் பேசுகிறேனா வண்டிக்காகவா என்று எனக்கே தெரிந்திருக்காது.

“பழசையே ஒட்டிடுங்க” என்றான் கடைசியில். என் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு காலை கிளம்பும்போது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் சாவியைத் திருகினான். எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “இன்னும் கெளம்பலயா ராஜவேலு?” என்று கேட்டாள்.

“ஓடிக்கினுதான் இருக்குது.”

“உம் வண்டிக்கு தொண்ட கட்டிக்கிச்சா?”

பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அண்ணனின் காது சிவந்துவிட்டது. நான் வாசல்படியில் ஸ்பேனர் பையோடு நின்றிருந்தேன். அவன் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வண்டி நகரத் தொடங்கியது, பிறகு நின்றது. “கதவ தெறந்து ஏறத் தெரியாதா?” என்றான்.

வாலாஜாபாத் தாண்டும் வரை பின் சீட்டில் உட்கார்ந்து இஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு எதுவும் புரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தும் கேட்டேன்.

டிராக் வாசலில் பெயர்ச் சீட்டு வைத்திருந்த ஆள் குனிந்து பார்த்தான்.

“மெக்கானிக் யாரு?”

அண்ணன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் தலையைப் பின்பக்கம் அசைத்தான். அந்த ஆள் என்னைப் பார்த்தான், எனக்குப் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

“வேற யாராவது வராங்களா?”

“அதான் காட்டினேனே. என் தங்கச்சி” என்றான் அண்ணன். “தோத்தா அத திட்டறதுக்காவது உள்ள வேணும்.”

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.