சாய்த்து வைத்த சோளக்கட்டு

என்னைச் சோம்பேறி என்று சொல்வதில் என் மனைவி இசக்கிச்செல்வியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் ராயகிரிக்காரி. நெல் விளைகிற ஊர். வைக்கோலை உதறி, புரட்டி, வெயிலில் மொறுமொறுவென்று காயப்போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எங்கள் பனவடலிசத்திரத்தில் இருப்பது மழையை நம்பிய புன்செய்க் காடு. மாட்டுக்கென்றே நெருக்கி விதைக்கும் சோளம்தான் இங்கே தீனி.

இந்தத் தையில் கீழக்காட்டுச் சோளம் பூத்ததும் அறுத்தோம். பெரும்பகுதியை அவள் பாறையில் பரப்பி, தினமும் உச்சி வெயிலில் புரட்டினாள். மீதியை என் தலையில் கட்டினாள். நான் அதைக் கட்டுக் கட்டாக வேப்பமரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். அதற்கு அவள் பேசிய பேச்சை எழுதினால் எனக்கு மரியாதை இருக்காது.

கோடை முழுக்க இதுதான் தீனி. போன கோடைகளைப் போல வெளியில் பச்சைப்புல் வாங்கிப் போட இந்த வருஷம் வசதியில்லை. செவலைப் பசுவோ பச்சைப்புல் தின்று பழகிய சீமாட்டி. கன்றாக இருந்தபோதே செல்வியோடு ராயகிரியிலிருந்து வந்தது. காய்ந்ததைத் தின்னாவிட்டால் விற்றுவிடுவோம் என்று நான் பேசி முடித்து, சங்கரன்கோவில் தரகர் பேச்சிராஜாவையும் வரச் சொல்லியிருந்தேன்.

தரகர் வந்ததும் செல்வி தன் கட்டைப் பிரித்துப் போட்டாள். தோகையெல்லாம் பாறையிலேயே நொறுங்கி உதிர்ந்துபோயிருந்தது. மிச்சம் வெளுத்த தட்டைதான், வெறும் தண்டு, விறகு மாதிரி. செவலை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நிறுத்திய கட்டு தேறும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை, எனக்கே இல்லை. தரகர் கயிற்றை அவிழ்த்தார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கோபக்காரியை அப்படிப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

வாசலைத் தாண்டியதும் செவலை தரகரையும் இழுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடியது. என் கட்டுக்குள் தலையை நுழைத்தது. நிழலில், காற்றிலேயே காய்ந்ததால் தோகை பச்சை மாறாமல் தட்டையோடு ஒட்டியே இருந்தது. செவலை நிமிரவே இல்லை.

"வே, இது தின்னுத வேகத்தைப் பாத்த பெறவும் விக்கவா போறீரு?" என்று சிரித்த தரகர், கயிற்றைச் செல்வி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஏட்டி, இப்பம் தெரியுதா யாரு கெட்டிக்காரன்னு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செவலையின் கழுத்தைத் தடவியபடியே சொன்னாள்.

"நல்லாத் தெரியுது. மேலக்காட்டுச் சோளம் இன்னும் அறுக்காம நிக்கு. அங்கன அம்புட்டுக் கட்டையும் நீங்களே நிறுத்துங்க. எனக்கு இந்தக் கைப்பக்குவம் வராது."