பத்துக்கு நாலு

1

இந்தக் கதை என் அண்ணியின் வலது தோளிலிருந்து திருடியது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் என்னைக் குடைய முடியாது. அண்ணி பதினேழு வருடமாக ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறார். நான் கதை எழுதுகிறேன். எங்கள் இருவரில் யாருக்கு வலி வந்திருக்கலாம் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

'தோள் என்பது மனிதன் காலங்காலமாகச் சுமக்கும்' என்று ஆரம்பித்தேன். (அண்ணி எட்டிப் பார்த்து, "மனுஷன் எங்க சுமந்தான்?" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.)

2

அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் பிசியோதெரபிக்கு அண்ணியை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். ஒரு கட்டில், சுவரில் ரப்பர் பட்டைகள், மேசைமேல் ஒரு படிவம். பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்.

"நாலு" என்றார் அண்ணி, மணி சொல்வதுபோல.

* முதல் பிரதியில் அண்ணியை இங்கே அழவைத்திருந்தேன். அவர் அழுகிற ஆள் இல்லை. கல்யாண வீடியோவில்கூட அழவில்லை, நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

3

நாலு என்பது பொய். ஏன் என்று சொல்லக் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஐந்துக்குக் கீழே என்றால் ரப்பர் பட்டைப் பயிற்சி; வேலைக்கும் போகலாம். மேலே போனால் கைக்கு ஆறு வாரம் ஓய்வு, கூடவே சலவைக்கூடத்துக்கு ஒரு கடிதம். கடிதம் வந்தவரை மடிப்புப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன யாரையும் அடுத்த ஒப்பந்தத்தில் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்த இடத்தில் சலவைக்கூட மேலாளரை ஒரு கல்நெஞ்சக்காரராக [வேண்டாம். அவருக்கும் முதுகுவலி. இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறார்.]

4

பிசியோதெரபிஸ்ட் எதுவும் எழுதவில்லை. எழுந்து அண்ணிக்குப் பின்னால் போய் நின்றார்.

"தலை யாரு பின்னிவிட்டது, அக்கா?"

இரண்டு மாதமாக அண்ணன்தான் பின்னிவிடுகிறார். பின்னல் ஒரு காதுப்பக்கம் தொடங்கி எங்கேயோ போகும். அண்ணி வலது கையைத் தலைக்குமேல் தூக்கி நாளாயிற்று.

"நானேதான்" என்றார் அண்ணி.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். எட்டு வலிக்கு நாலு வலியோட பயிற்சியைக் குடுத்தா, உள்ள கிழிஞ்சிருக்கறது இன்னும் கிழியும். அப்புறம் இஸ்திரிப்பெட்டியையே தூக்க முடியாது."

"தம்பிக்கு என்ன தெரியும்" என்றார் அண்ணி. குரல் கெஞ்சியது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

5

முடிவு ஒன்று: நான் எட்டு என்கிறேன். வீடு வரும்வரை அண்ணி பேசவில்லை. வீடு வந்த பிறகும்.

முடிவு இரண்டு: நாலுதான் என்கிறேன். அண்ணி நிம்மதியாக ரப்பர் பட்டையைப் பிடித்து இழுக்கிறார். உள்ளே

மூன்றாவதில் மேலாளர் மனம் மாறி, கை வலிக்காத உயரத்தில் புது மேசை போட்டுத் தருகிறார். (இதைப் படித்து அண்ணி ரொம்ப நேரம் சிரித்தார்.)

அன்று நான் என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் என்னைத் திட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே நான் எழுந்துகொள்கிறேன், இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பிசியோதெரபிஸ்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அண்ணி உங்களைத்தான் பார்க்கிறார்.