ஆறு கிலோமீட்டர் சுருங்கிய சாலை

இயந்திரம் பொய் சொல்லாது. மனிதன் சொல்வான், சாட்சி சொல்வான், கண்ணாடிகூட இடத்தை வலமாக்கிக் காட்டும். ஆனால் ஓர் எஞ்சின், கேட்கத் தெரிந்த காது ஒன்று கிடைத்துவிட்டால், பிறந்தது முதல் இன்றுவரை நடந்த அத்தனையையும் ஒளிவுமறைவில்லாமல் கொட்டிவிடும்.

இந்தப் பேருண்மையைப் புரொபசர் அறிவித்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்த அவருடைய அக்கா இன்னும் கைப்பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

புரொபசர் என்பது பட்டமில்லை, பட்டப்பெயர். ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் அதன் பூர்வீகம், தத்துவம், வருங்காலம் மூன்றையும் சொல்லி முடிப்பதால் வாடிக்கையாளர்கள் வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பட்டறைப் பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டார்.

அக்கா பல் டாக்டர். சாய்வு நாற்காலி, கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்வாள். ஓட்டுவது அத்தான். போன மாதம் மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர்கள் பாதி ஏற்றத்தில் கியர் பாக்ஸ் சூடாகி, சிவப்பு விளக்கு எரிந்து, திரும்பி வந்துவிட்டார்கள். மேலே கன்னம் வீங்கிய பிள்ளைகள் வாசலிலேயே காத்திருந்ததாகத் தலைமையாசிரியர் போனில் சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும்டா," என்றாள் அக்கா. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உன்னால முடியலன்னா சொல்லு. கம்பெனி சர்வீஸ்லயே விட்டுடறேன்."

புரொபசரின் முகம் கறுத்தது. கூடப் பிறந்த அக்கா வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விடுவதும், அவர் பெயர்ப்பலகையைக் கழற்றி அடுப்பெரிப்பதும் அவரைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

"கம்பெனியா? அவனுங்க கம்ப்யூட்டரைக் கேப்பானுங்க. நான் வண்டியைக் கேப்பேன்," என்றபடி தன் சிம்மாசனத்தில் போய் அமர்ந்தார். நான்கு டயர்களை இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகைமேல் மெத்தை விரித்த ஆசனம் அது. அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். அதில் உட்கார்ந்துதான் தீர்ப்பும் சொல்வார்.

முதல் தீர்ப்பு அத்தான்மேல் விழுந்தது. "அத்தான் ஆக்சிலேட்டரை மிதிக்கிற மிதியில கியர் பாக்ஸ் சூடாகத்தான் செய்யும்."

அத்தான் அதிர்ந்து பேசாத மனிதர். சைக்கிளைக்கூட ஹாரன் அடித்து முந்தியதில்லை. "சரி மச்சான், நீயே ஓட்டிப் பாரு," என்றார்.

டிரெய்லரோடு மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். கியர் தானாக மாறும் வண்டி அது; ஏற்றம் தொடங்கியதுமே நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறங்கியது, நாலுக்கு ஏறியது, மறுபடி மூன்றுக்கு வந்தது. மதில்மேல் பூனைக்கே தலைசுற்றியிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் புரொபசரே என்பதால் முதல் தீர்ப்பு வாபஸ் ஆனது.

இரண்டாவது, டிரெய்லர் பிரேக் உரசுகிறது என்பது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றினார். அது ராட்டினம்போல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை என்றது.

"கம்ப்யூட்டரைக் கேக்க மாட்டேன்னியே?" என்றாள் அக்கா.

"கேக்கலையே. அது என்ன சொல்லுதுன்னு சும்மா பார்த்தேன்."

மூன்றாவதாகக் கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி மோந்தார். இலேசான கருகல் வாடை. "முடிஞ்சுது. கியர் பாக்ஸை இறக்கியே ஆகணும். மூணு நாள்."

"டேய், பல்லு வலிக்குதுன்னு ஒருத்தன் வந்தா நான் எந்தப் பல்லுன்னு தட்டிப் பார்ப்பேன். நீ எடுத்த எடுப்புல தாடையைக் கழட்டுற. ஆயில் கருகுறது சூட்டுனால. சூடு எதனால?"

கேள்வி நியாயமானது. அதனால் புரொபசருக்குப் பிடிக்கவில்லை.

அப்போது அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று ஒவ்வொரு பயணத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் அவருக்கு. "முன்னாடி லிட்டருக்கு எட்டு குடுத்தது. நாலு மாசமா ஆறரையைத் தாண்டல. இன்னொண்ணு மச்சான், சொன்னா சிரிப்பே. ஆத்தங்கரைப் பள்ளிக்கூடம் எப்பவும் அறுபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும். இப்பல்லாம் அம்பத்தாறுதான் வருது. ரோட்டை நேராக்கிட்டாங்க போலன்னு நினைச்சேன்."

"எந்த ரோட்டை? அதே வளைவுலதான் மாசாமாசம் எனக்குத் தலை சுத்துது," என்றாள் அக்கா.

புரொபசர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு. சட்டென்று எழுந்தார். சும்மா சொல்லக்கூடாது, தொழில் தெரிந்த மனிதர்தான். டேப்பை எடுத்துப் பிக்கப்பின் சக்கரத்தை நிலத்திலிருந்து உச்சிவரை அளந்தார். கதவோரம் கம்பெனி ஒட்டிய சீட்டில் உள்ள டயர் அளவைப் படித்தார். அவர் முகத்தில் வெற்றி பரவியது.

"கண்டுபிடிச்சுட்டேன்! டயர் பெருசுக்கா. பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே சொல்லும். அதான் ரோடு சுருங்குது, மைலேஜும் குறைச்சலாக் காட்டுது. அது பாதி. மீதி நிஜ நஷ்டம். பெரிய சக்கரத்தைச் சுத்த எஞ்சின் திணறும். மேட்டுல கனமான கியர்ல சைக்கிள் மிதிச்சுப் பாரு, கால் நடுங்கும். அதேதான். பின்னால டிரெய்லர் வேற. கியர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆயில் கொதிச்சுப்போச்சு. கியர் பாக்ஸ் பாவம், அது மேல ஒரு குத்தமும் இல்ல!"

"அதை இறக்கணும்னு சொன்னது யாரு?"

"அது போகட்டும். டிரெய்லர் இழுக்குற வண்டிக்கு இவ்ளோ பெரிய டயரை மாட்டின அறிவாளி யாருக்கா? அவனை முதல்ல பிடிச்சு..."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு மேம்பாலத்தைப் பார்த்தார்.

"நீதான்டா," என்றாள் அக்கா. "என் பிறந்தநாளுக்கு. 'டாக்டர் வண்டிக்கு ஒரு கம்பீரம் வேணாமா'ன்னு. வேணாம் வேணாம்னு நான் கத்தக் கத்த மாட்டிவிட்டே."

புரொபசர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

"கம்பீரத்துல ஒண்ணும் குறையில்ல," என்றார் புரொபசர் கடைசியில், குரல் சற்றும் இறங்காமல். "பழைய செட்டை மாட்டி, கியர் ஆயிலை மாத்தினா போதும். சாயங்காலத்துக்குள்ள ரெடி. சொன்னா சொன்னதுதான்."

"பழைய செட்டு எங்க இருக்கு?"

புரொபசர் தன் சிம்மாசனத்தருகே போனார். மெத்தையை எடுத்துத் தட்டி ஓரமாக வைத்தார். பிறகு பலகையை எடுத்தார். ரிம்மோடு, பாதிகூடத் தேயாத நான்கு டயர்கள்.

சாயங்காலம் அதே மேம்பாலத்தில் டிரெய்லரோடு வண்டி மூன்றாவது கியரில் ஏறத் தொடங்கி, மூன்றாவது கியரிலேயே ஏறி முடித்தது. மறுநாள் பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. வழியில் விளக்கு எரியவில்லை, முதல் பல் பிடுங்கியாயிற்று, பையன் அழவில்லை.

"நான்தான் சொன்னேனே, வண்டியைக் கேக்கத் தெரியணும்னு," என்றார் புரொபசர்.

அவர் நின்றுகொண்டேதான் பேசினார். பட்டறையில் உட்கார வேறு எதுவும் இல்லை.