ஜப்தியான கைதட்டல்

சுவர் என்று பெயரெடுத்த பழைய கோல்கீப்பரின் வீட்டில் வருமான வரிக்காரர்கள் ஜப்தி செய்த சாமான்கள் மொத்தம் பதினேழு. பதினாறு கண்ணுக்குத் தெரிபவை: சோபா, ஃபிரிட்ஜ், வெள்ளிக் கோப்பைகள், இப்படி. பதினேழாவது, நாற்பதாயிரம் பேரின் கைதட்டல். அதற்கு எதிரே “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக்கொண்டு போனார் அதிகாரி.

பதினாறு வருஷம் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நின்ற மனுஷர். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தார். அன்று எழுந்த கைதட்டல் ஆட்டம் முடிந்தும் ஓயாமல், அவர் டாக்ஸிக்குப் பின்னாலேயே வீடு வந்து, படுக்கையறை அலமாரியில் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து தினமும், அவர் பந்தைப் பிடித்த அதே நாலு பத்துக்கு, ஒன்றரை நிமிஷம் கேட்கும். முதல் வாரம் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். இரண்டாம் வாரம் அதை வைத்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொண்டார்கள். அவர் மனைவி நாலு மணிக்கே கண்ணாடி டம்ளர்களை ஷெல்ஃபின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்துவிடுவாள். சுவருக்கு முட்டி இரண்டும் போயாச்சு, எதையாவது பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒன்றரை நிமிஷம் மட்டும் தானாக எழுந்து நிற்பார். பல்ப் மாற்றுவது, பரணிலிருந்து பெட்டி இறக்குவது எல்லாம் அந்த நேரத்துக்கென்றே காத்திருக்கும்.

வினை கையெழுத்தில் வந்தது. இருபது வயதிலிருந்து நாளுக்கு நானூறு ஆட்டோகிராஃப் போட்டுப் பழகிய கை. காகிதம் எதிரே வந்தால் போதும், அதுபாட்டுக்கு எழுதும். கல்யாண ரிஜிஸ்டரிலேயே ‘அன்புடன்’ என்று போட்டு, கீழே குட்டிப் பந்து வரைந்தவர். அவருடைய ஆடிட்டர், எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன், வரிப் படிவங்களை ஜெர்சிகளுக்கும் போட்டோக்களுக்கும் நடுவே செருகி நீட்டுவான். ஒரு வாட்ச்மேன் சம்பளம் அளவுக்கே அவர் வருமானத்தைக் காட்டிவிட்டு, வரி கட்டவென்று வாங்கியதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பதினோராம் வருஷம் கம்பி நீட்டிவிட்டான். பதினோரு படிவத்திலும் அன்புடன், பந்து. தன் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இந்த ஆபீசுக்கு அன்பைத் தெரிவித்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று சொல்லி அதிகாரி நோட்டீஸை நீட்டினார். பழக்க தோஷம், சுவர் அதிலும் அன்புடன் போட்டார்.

ஜப்தியான கைதட்டலை வரி ஆபீஸின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அங்கேயும் நாலு பத்துக்கு அது தன் வேலையைப் பார்த்தது. முப்பது வருஷம் ஒரு நல்ல வார்த்தை கேட்காத பியூன், பீரோ முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் டீ வாங்கப் போவார். ஏலம் மட்டும் படியவில்லை. காலை பத்து மணிக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழைய இரும்புக்காரர் ஒருவர் எத்தனை கிலோ தேறும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். “அது என் கையெழுத்தே இல்லன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க சார். குட்டிப் பந்தை யார் வேணா வரையலாம். ஓடிப்போனவன் வந்து இல்லைன்னு சொல்லப் போறானா?” சொன்னால் வீடு தங்கும். சொல்லாவிட்டால் வீடும் போய், கம்பியும் எண்ண வேண்டும். சுவருக்கு நிஜமாகவே பயம். ஜெயிலில் தரையிலிருந்து யார் தூக்கிவிடுவார்கள்? ஆனால் தையல்காரர் கடையில், பல் டாக்டர் அறையில், ஊர்ப்பட்ட வீடுகளில் அதே கையெழுத்து கண்ணாடி போட்டுத் தொங்குகிறதே, அதெல்லாம் பொய் என்று ஆகிவிடாதா? மனைவி இரண்டு நாள் அழுதாள். கோர்ட்டுக்குப் போகும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்குத் தோணினதைச் சொல்லுங்க. ஆனா இனிமே படிக்காம எதுலயாவது போட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்.”

நீதிபதி படிவத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டபோது மணி பதினொன்று முப்பத்திரண்டு. வக்கீல் இருமினார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சுவர், “என்னுதுதாங்க ஐயா. படிக்காம போட்டேன். தப்பு என்மேலதான்” என்றார்.

நாலு தெரு தள்ளி வரி ஆபீஸின் பீரோ கதவு படாரென்று திறந்ததைப் பியூன் பார்த்திருக்கிறார். அடுத்த நொடி கோர்ட் ஹாலில் நாற்பதாயிரம் பேர் கை தட்டினார்கள். நீதிபதி மேஜையைத் தட்டி அமைதி, அமைதி என்றார், யார் கேட்கிறார்கள்? சுவர் கம்பியை விட்டுவிட்டு நேராக நின்றார். ஒன்றரை நிமிஷ இடையூறு என்று பதிவானது.

தீர்ப்பில் வீடு போயிற்று. உண்மையைச் சொன்னதால் ஜெயில் இல்லை. தீர்ப்பு நகலின் நாற்பத்தோரு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் சுவர் கையெழுத்துப் போட்டார், கிளார்க் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டார். ஜப்திப் பட்டியலில் பதினேழாவது சாமானுக்கு எதிரே “தானாக வெளியேறியது” என்று குறித்து அதிகாரி கணக்கை முடித்தார். இப்போது இரண்டு அறை வாடகை வீடு. கைதட்டல் காலை பதினொன்று முப்பத்திரண்டுக்கு வருகிறது. பியூன் மாதம் ஒரு தரம் அரை நாள் லீவு போட்டு வந்து கேட்டுவிட்டுப் போகிறார். மனைவி பதினொன்றரைக்கே டம்ளர்களை உள்ளே தள்ளி வைத்துவிடுகிறாள்.