பின்கதவுச் சாவி

சின்னவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தத் தையல் கம்பெனியில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டுக் கோபப்படாமல் வெளியே வருகிற ஆளைக் காட்டினால் அவள் கையெடுத்துக் கும்பிடத் தயார். கழிப்பறைக்குப் போனால் கணக்கு, தண்ணீர் குடித்தால் முறைப்பு. வாசலில் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்து, செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளேயே விடுவார்கள். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். அக்கா விஷயத்தை எப்படி விடுவது?

அக்கா அதே கம்பெனியில் மூன்றாவது மாடிக்குச் சூப்பர்வைசர். அந்த மாடியில் இஸ்திரி மேஜை தீப்பிடித்தது. முன்படி முழுக்கப் புகை. எல்லோரும் பின்படிக்கு ஓடினார்கள். பின்கதவு மறுபக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகிறதாம், அதனால் பூட்டாம். தட்டினார்கள், கத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கட்டிங் மேஜையில் வேலை பார்த்த பெண் மூச்சு முட்டி ஜன்னல் வழியாகக் குதித்தாள். இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இனி நடப்பாளா என்று டாக்டரே வாய் திறக்கவில்லை. மற்றவர்களைத் தீயணைப்பு ஆட்கள் வந்து இறக்கினார்கள்.

மறுநாளே முதலாளி பழியைத் தூக்கி அக்காவின் தலையில் கட்டிவிட்டார். பின்கதவுச் சாவி சூப்பர்வைசர் பொறுப்பில்தான் இருந்தது, பதற்றத்தில் அந்தம்மா எங்கேயோ போட்டுவிட்டது என்று விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா அந்தச் சாவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கட்டிங் பெண்ணின் அம்மா வந்து, தெருவே வேடிக்கை பார்க்க, வாசலில் நின்று கத்தினாள். "எம் பொண்ணை உள்ள வச்சுப் பூட்டினியேடி, நீயும் ஒரு பொம்பளையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அக்கா வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி, சாவி உங்களிடம் இல்லையென்றால் வேறு யாரிடம் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். திங்கட்கிழமை அவர் முன்னால் மறுபடி ஆஜராக வேண்டும். அன்றைக்கும் ஆதாரம் இல்லையென்றால் அக்கா பெயரில் வழக்கு.

அத்தானும் அங்கேதான் வேலை பார்த்தார். பின்படியின் அடியில் இருக்கும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. சாவி மேனேஜரிடம் இருந்திருக்கும், ஆனால் எதை வைத்து நிரூபிப்பது என்று அவரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி அக்கா விசும்பினால் முதுகைத் தடவிவிடுவார். நல்ல மனிதர் என்றுதான் சின்னவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியை மறுபடி திறந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே கதவுக்கு அதே சங்கிலி. கரி பிடித்த சுவருக்கு வெள்ளையடித்த ஈரம்கூடக் காயவில்லை. மதியம் எல்லோரும் மொட்டைமாடியில் சாப்பிடும்போது யாரோ வந்து அந்தக் கதவைத் திறந்து மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பப் பூட்டிப் போவதாகத் துப்புரவு செய்கிற அம்மா சின்னவளின் காதில் போட்டாள். யார் என்று அவளுக்கும் தெரியாது. சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்போனைத்தானே பிடுங்குவீர்கள்? என்னிடம் சோப்பு டப்பா இருக்கிறது!

சோப்பு டப்பா என்பது அக்கா வைத்த பெயர். சின்னவள் பழைய சாமான் கடையில் வாங்கிய குட்டி ஃபிலிம் கேமரா அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை அவள் வைத்திருந்த பக்குவத்தைப் பார்த்து வீடே சிரிக்கும். லென்ஸில் தூசி விழுந்தால் வாயால் ஊத மாட்டாள், எச்சில் ஈரம் பட்டால் கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். முந்தானையால் துடைக்க மாட்டாள், கீறல் விழும். அதற்கென்று ஒரு சின்னத் தூரிகை. கொஞ்ச நாள் படம் எடுக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவாள். செருப்பு வாங்கும்போது பெட்டிக்குள் வருமே ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம், அதைச் சேர்த்து வைத்துக் கேமராவோடு டப்பாவில் போட்டு மூடுவாள். பிள்ளைகூட இப்படி வளர்ந்ததில்லை என்று அக்கா கேலி செய்வாள்.

சனிக்கிழமை அந்தக் கேமராவைத் துணியில் சுற்றி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். வாசலில் இருந்தவன் மேல்தட்டை மட்டும் திறந்து மோந்து பார்த்துவிட்டு விட்டான். மதியம் வயிற்று வலி என்று சொல்லிக் கீழே இறங்கி, கழிப்பறை முற்றம் வழியாகப் பின்படியில் ஏறினாள். படியெங்கும் அட்டைப் பெட்டி. ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். இவ்வளவு நடந்த பிறகும்! பாவிகளா, உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையவே கிடையாதா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனாள்.

அந்தக் கேமராவில் ஒரு தொல்லை உண்டு. மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் தானாக உயிர் பெற்றுவிடும், நாம்தான் பொத்தானை அமுக்கி அணைக்க வேண்டும். மறந்தால் பளிச்சென்று அடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். அவள் மறக்கவில்லை. ஃப்ளாஷ் இல்லையென்றால் வெளிச்சம் போதாது, கை சற்று நடுங்கினாலும் படம் கலங்கும். அதனால் கேமராவை அட்டைப் பெட்டியின் மேல் அழுத்தி வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கிக் கூர்மை பிடித்து, பிறகு மீதியை அமுக்கினாள். சங்கிலி, பூட்டு, அடைபட்ட படி என்று வரிசையாக எடுத்தாள். சுவரிலிருந்த பெரிய காற்றாடியின் இரைச்சலில் கேமராவின் கிர்ர் சத்தம் அமுங்கிப் போனது.

அப்போது கீழேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பெட்டிகளுக்குப் பின்னால் குப்புறப் பதுங்கினாள். ஆள் அவளைத் தாண்டி ஏறிப் போனது, சாவி குலுங்கியது, சங்கிலி சரிந்தது. தலையைத் தூக்கினால் தொலைந்தாள். கையை மட்டும் உயர்த்தி, கேமராவைப் பெட்டி மேல் வைத்து, படிக்கட்டு ஜன்னலின் வெளிச்சம் விழும் கதவுப் பக்கமாகத் திருப்பி, குருட்டாம்போக்கில் இரண்டு முறை அமுக்கினாள். மூட்டை உள்ளேயிருந்து இழுபடும் சத்தத்தில் சத்தமில்லாமல் இறங்கி ஓடிவந்துவிட்டாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு உயிர் வந்தது. அத்தான்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆளை நீ பார்த்தாயா? இல்லை. முகம் விழுந்திருக்குமா? தெரியாது, ஸ்டூடியோவில் கழுவினால்தான் தெரியும். கழுவ எப்போது கொடுப்பாய்? இப்போதே. அதற்கு முன், தீப்பிடித்த அன்று அக்காவின் முழங்காலில் பட்ட காயத்தையும் இரண்டு படம் எடுத்துக்கொண்டாள், அதுவும் விசாரணைக்கு உதவும் என்று. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, கம்பெனித் தூசு போகக் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

திரும்பி வந்தபோது அத்தான் மேஜையருகே, விளக்குக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். கேமராவின் முதுகு அகலத் திறந்து கிடந்தது.

"படம் விழுந்திருக்கான்னு பாக்கலாம்னு திறந்தேம்மா. ஒண்ணையும் காணோம். வெறும் கருப்பாத்தான் இருக்கு" என்றார் அப்பாவியாக.

சின்னவள் பாய்ந்து கேமராவைப் பிடுங்கி மூடினாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். யாரைக் கேட்டுத் தொட்டீர்கள், உங்கள் கைக்கு அரிப்பா, ஃபிலிமை வெளிச்சத்தில் திறந்தால் எரிந்துவிடும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று கத்தினாள். அக்கா குறுக்கே வந்தாள். "விடுடி, அவருக்கு என்ன தெரியும் பாவம். என் நேரம் அப்படி" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு என்ன தெரியுமா? அந்தச் சொல்தான் சின்னவளின் வாயை அடைத்தது. அவருக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் இதே கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, "முதுகை மட்டும் திறந்துடாதீங்க சார், அத்தனை படமும் புகைஞ்சு போயிடும்" என்று பெரிய வித்துவான் மாதிரி வகுப்பெடுத்தவர் இதே அத்தான். சின்னவள் சொல்லிக் கொடுத்ததைத் தன் சொந்தச் சரக்குபோல அவிழ்த்துவிட்டார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மனிதர் ஒரு பெரிய மூச்சை வெளியே விட்டார். பிறகு தோள்கள் தளர்ந்து, சாப்பிடலாமா, பசிக்கிறது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குப் பசிக்கிறதாம்!

அவர் வகுப்பெடுத்ததில் ஒரு பாடம் விட்டுப்போயிருந்தது. சின்னவள் அதை யாருக்கும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. மற்ற கேமராக்கள் படம் எடுக்க எடுக்க ஃபிலிமை வெளியே இழுக்கும். இந்தக் கேமரா ஃபிலிம் போட்டவுடனே முழுச் சுருளையும் வெளியே இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு படம் எடுத்ததும் அந்தத் துண்டைத் திரும்ப வெளிச்சம் புகாத ஃபிலிம் டப்பிக்குள் அனுப்பிவிடும். முதுகைத் திறந்தால் கெட்டுப்போவது இன்னும் எடுக்காத ஃபிலிமும், கடைசியாக எடுத்த ஒன்றிரண்டும்தான். அக்காவின் முழங்கால் போயிருக்கும். பின்கதவு டப்பிக்குள் பத்திரமாக இருந்தது.

அதை அவள் அங்கே சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பையில் போட்டாள். வெளியே வந்து, கொண்டை ஊசியின் நுனியால் அடியிலிருந்த குட்டிப் பொத்தானை அமுக்கினாள். ஃபிலிம் முழுதும் சுருண்டு உள்ளே போய்ச் சேர்ந்தது. நான் நினைப்பது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

ஸ்டூடியோக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் படங்களைக் கொடுத்தார். கடைசி இரண்டும் வெளுத்துப் போய்விட்டன, மற்றதெல்லாம் கச்சிதம் என்றார். சின்னவள் அங்கேயே, கண்ணாடிப் பெட்டிமேல் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சங்கிலி. பூட்டு. அடைபட்ட படி. அதற்கடுத்த படம் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பட, கையில் சாவியோடு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடி அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவள் படங்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

எத்தனை நாள் முதுகைத் தடவிவிட்டிருப்பார்! அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு வெறி ஏறியது.

அக்கா வீட்டில் அத்தான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். சின்னவள் கத்தவில்லை. படத்தை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா வெகுநேரம் பார்த்தாள். சத்தம் வராததால் அத்தானே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எரிந்துபோச்சே, எல்லாம் எரிந்துபோச்சே என்றுதான் முதலில் வாய் உளறியது. பிறகு முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

அதற்கப்புறம் பேச்சு பொலபொலவென்று கொட்டியது. முதலாளி கட்டாயப்படுத்தினாராம். சாவி ஸ்டோரில் இருந்தது என்று தெரிந்தால் கம்பெனிக்கே சீல் வைப்பார்களாம், சூப்பர்வைசர் தொலைத்துவிட்டார் என்றால் சின்னத் தவறோடு போய்விடுமாம். வழக்கு வந்தாலும் தானே வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். இரண்டு பேருக்கும் வேலை போவதைவிட ஒருத்தர் வீட்டில் இருப்பது மேல் என்று நினைத்தாராம். எல்லாம் இந்தக் குடும்பத்துக்காகத்தானாம். சின்னவள் அவர் சட்டையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"அன்னிக்கு சாவி எங்க இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"என்கிட்டதான்."

"நீங்க?"

"கீழ, ஸ்டோர்ல."

"நாங்க கதவைத் தட்டினது கேட்டுச்சா?"

அத்தான் தரையைப் பார்த்தார். கேட்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதற்கும் அவருக்குத் தெம்பு இல்லாமல் போய்விட்டது.

"கேட்டுச்சு. மேல ஓடி வந்தேன், கதவுக்கிட்டயே வந்துட்டேன். தன்னைக் கேக்காம திறக்கக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருந்தார். அதான் ஸ்டோருக்குக் குடுத்திருந்த போன்ல அவரைக் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவர் எடுக்கல" என்றார்.

அக்கா படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்குக் காலையில் அதிகாரியிடம் போகலாம் என்றாள் சின்னவள். அக்கா அதற்கும் முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். கட்டிங் பெண்ணும் அவள் அம்மாவும் ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே, அத்தனை நாள் எட்டிப் பார்க்காத தெருவில் இறங்கி நடந்தாள்.