பக்கத்து நாற்காலியின் மாத்திரை

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் கீமோ அறையில், கணவன் கையில் ஏறும் மருந்தைவிடப் பக்கத்து நாற்காலியின் மேல்தான் சாந்தாமணிக்குக் கண். அவள் கணவர் அரங்கசாமிக்கும் கணையத்தில் புற்றுநோய், அங்கே உட்கார்ந்திருந்த மேட்டுப்பாளையம் சகாயத்துக்கும் அதே நோய். இருவருக்குமே முற்றிய நிலை. ஆனால் சகாயத்துக்கு மட்டும் கீமோவோடு தினம் ஒரு மாத்திரையும் உண்டு.

ஏன் என்று டாக்டர் மதிவதனி சொல்லித்தான் இருந்தார். கட்டியைப் பரிசோதித்ததில் சகாயத்துக்கு அந்த மாத்திரை பொருந்தும் என்று வந்தது, அரங்கசாமிக்குப் பொருந்தாது என்று வந்தது. சாந்தாமணி பெரிதாகத் தலையாட்டினாள், துளியும் நம்பவில்லை. ஆள் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல மருந்து, காங்கேயத்து எண்ணெய் மில் தொழிலாளியான தன் கணவருக்கு வெறும் கீமோ பாட்டில் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

சில நாளில் சகாயத்தின் முகமெல்லாம் சிவந்து தடித்தது. "மருந்து வேலை செய்யறதுக்கு இதுவும் ஒரு அடையாளமுங்க. ரொம்ப அரிச்சா சொல்லுங்க, களிம்பு தாரேன்" என்று டாக்டர் சொன்னது சாந்தாமணி காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவளுடைய பொறாமை அந்தத் தடிப்பின் மேலேயே தாவியது. காலையில் எழுந்ததும் கணவரின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கொசுக்கடிகூட இருக்காது.

"என்ற மூஞ்சியில என்னத்த அம்மணி தேடற?" என்பார் அரங்கசாமி.

"ஒண்ணுமில்லீங்க" என்று எரிந்து விழுவாள்.

அடுத்த தடவை சகாயம் முகம் தெளிந்து வந்தார். உடன் வந்த மகள் ஜோஸ்லின் சாந்தாமணியிடம் மெதுவாகச் சொன்னாள். "என்ற நிச்சயத்துக்கு இந்த மூஞ்சியோட நிக்கமாட்டேன்னு அப்பா சொல்லிட்டாருங்கக்கா. மாத்திரைய நிறுத்திப்போட்டோம். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கு கண்ணு சொல்றேன்?"

சாந்தாமணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இனி சகாயமும் தன் கணவரும் ஒன்றுதானே!

டாக்டர் வந்து சகாயத்தின் ஸ்கேனைப் பார்த்தார். "கட்டி வளந்திருக்குதுங்க. மாத்திரை தவறாம சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்க" என்றார் சகாயம். ஜோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப அது உங்களுக்குக் கேக்கலீங்க. அதை விட்டுட்டு வேற பாக்கலாம்."

அரங்கசாமி சாந்தாமணி பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாவம் அம்மணி. எனக்குத்தான் குடுத்துவெக்கல, அவராச்சும் அந்த மாத்திரையில பொழச்சுக்குவாருன்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு இல்லாத பொறாமை, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிற தனக்கு எதற்கு?

"ஏனுங்க டாக்டர்!" என்று எழுந்தாள். "அவிய மாத்திரைய நிறுத்திப்போட்டாங்க. தடிப்புக்குப் பயந்துட்டு."

ஜோஸ்லின் அழுதுவிட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. "அரிப்புக்குக் களிம்பு இருக்குதுங்க, மாத்திரையோட அளவைக்கூடக் குறைக்கலாம். நோய் தீந்துரும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க மறைச்சதால, கேக்கற மருந்தையே தூக்கிப் போட இருந்தேன்."

சாந்தாமணி ஜோஸ்லினின் கையைப் பிடித்தாள்.

"உடம்புக்கு என்ன பண்ணுனாலும் டாக்டர்கிட்ட சொல்லோணும் கண்ணு, நாமளா மருந்த நிறுத்தப்படாது. நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். உங்கொப்பன் மாத்திரையப் பாத்து இத்தன நாளும் வயிறெரிஞ்சேன். அதுல என்ற ஊட்டுக்காரரு கட்டி கடுகளவுகூடக் கரையல."